இரண்டும் இடது கால்

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் அந்தக் குளிரில் எப்படி இருக்கிறீர்கள்? உன் வயிறு அடங்கியதா, இன்னும் படுத்துகிறதா?

கடிதம் எதற்கு, போனில் பேசினால் ஆகாதா என்று நீ முணுமுணுப்பது தெரியும். போன வாரம் பேசிய லட்சணத்தைத்தான் பார்த்தாயே. நீ கத்த, நான் கத்த, வார்டன் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடி வந்துவிட்டார். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தேன். இப்போது எனக்கே லைன் கிடைப்பதில்லை. காது மெஷினைப் போட்டால் அது விசில் அடிக்கிறது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். கடிதம் என்றால் படுத்துக்கொண்டே படிக்கலாம், இரண்டாவது தடவையும் படிக்கலாம்.

நீ என்னை இந்த முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் கடையின் பின்பக்கம். வெந்நீர் காலை ஆறு மணி வரைதான், பிறகு பச்சைத் தண்ணீர். சூப்பில் உப்பு கொஞ்சம் தூக்கல். சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்தில் உட்காருபவர் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நேற்று ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, "இது கடல் வழியா வந்த சரக்கும்மா" என்றார். சிரித்ததில் எனக்குப் புரையேறிவிட்டது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மருமகளுக்கு என் அன்பு.

அம்மா


ஜனவரி 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வயிறு பரவாயில்லை. நீ முழங்காலுக்குத் தைலம் போடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்தபின் அந்த இல்லத்தைப் பற்றி எங்கள் கம்பெனி இணையதளத்திலேயே தேடினேன். முன்பே செய்திருக்க வேண்டும். நீ கீழே விழுந்தபோது எனக்கு ஒரு வாரம்தான் லீவு, கிடைத்த இடத்தில் சேர்த்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஐந்து ஸ்டாருக்கு இரண்டு ஸ்டார் சொச்சம்தான் வாங்கியிருக்கிறது அம்மா. வெந்நீர் வராது, சூப் வாயில் வைக்க முடியாது, படிக்கட்டில் விளக்கு இல்லை என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் ஒரு முதியவர் நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறார், தலைவலிதான் மிச்சம் என்று ஒருவர். நடுவில் "அருமை", "சூப்பர்" என்று நாலைந்து நல்ல ரிவியூ, எல்லாம் ஒரே வாரத்தில். அவை பொய் என்று பார்த்ததுமே தெரிகிறது.

வேறு இடம் பார்த்துவிட்டேன். ஏரிக்கரையில் ஒரு இல்லம், ஏறக்குறைய முழு ஸ்டார். தொள்ளாயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே குரலில் பாராட்டுவது அங்கே உள்ள அமைதியைத்தான். சத்தமாகப் பேசவே கூடாதாம். ஏப்ரல் கடைசியில் ஒரு அறை காலியாகிறது. வண்டி அனுப்பி உன்னை மாற்றிவிட ஏற்பாடு செய்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், பெட்டியை மட்டும் கட்டி வைத்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மகன்


பிப்ரவரி 6

அன்புள்ள வாலுவுக்கு,

தைலம் போடுகிறேன். அறை முழுக்க மணக்கிறது, கொசு கூட வருவதில்லை. நீங்கள் இருவரும் சுகம்தானே?

நான் எங்கேயும் வரவில்லை. இந்த வயதில் என்னை மூட்டை மாதிரி தூக்கித் தூக்கி வைக்காதே. எவனோ முகம் தெரியாதவன் எழுதினான் என்று பெட்டியைக் கட்டச் சொல்கிறாயே, ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். எனக்குக் காது போனதால் பாதிப் பொய்தான் மிச்சம்.

இதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொன்னேன். "உங்க பிள்ளை அங்க உக்காந்துக்கிட்டு இங்க சிக்னல் போடுறாரு" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவர் யாரையும் அப்படித்தான் பேசுவார்.

ஒன்று கேட்கிறேன். இத்தனை வருஷமாக நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் எழுதியது நிஜமா பொய்யா என்று ஆளைப் பார்க்காமலே எப்படிக் கண்டுபிடிக்கிறாய்? எனக்கு அந்தப் பெட்டியெல்லாம் தெரியாது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அம்மா


பிப்ரவரி 20

அன்புள்ள அம்மாவுக்கு,

கொசுவை விரட்டும் தைலத்தின் பெயரை எழுது, மருமகள் கேட்கிறாள். இருவரும் நலம்.

நீ என் வேலையைப் பற்றிக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இங்கே யாரிடம் சொன்னாலும் கொட்டாவிதான் விடுகிறார்கள்.

ஓட்டல், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் என்று எங்கள் தளத்தில் மக்கள் எழுதுவதைப் படித்து, பொய்யை நீக்குவதுதான் என் வேலை. முதலில் தேதியைப் பார்ப்பேன். ஒரே வாரத்தில் பத்துப் பேருக்கு அன்பு பொங்கினால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். நிஜமான ஆட்கள் ஒவ்வொருவராக, அவரவர் நேரத்துக்குத்தான் வருவார்கள். அடுத்து, இதை எழுதினால் யாருக்கு லாபம் என்று பார்ப்பேன். பத்து இடத்தில் ஒரே விஷயம் இருந்தால் பத்துப் பேர் சொன்னதாக ஆகாது, ஒருவன் சொன்னதை ஒன்பது பேர் நகல் எடுத்திருப்பார்கள். குறையே இல்லாத பாராட்டை நம்பவே மாட்டேன். நல்லது சொல்லும்போதே "ஆனால் சூப்பில் உப்பு" என்று ஒரு முணுமுணுப்பு இருந்தால் அது மனுஷன் எழுதியது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று. பொய் சொல்பவன் தேவையானதை மட்டும் சொல்வான். உண்மை சொல்பவன் தன் வீட்டுக் கதை, சின்ன வயதுக் கதை என்று தேவையில்லாததையும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அதை நான் மோப்பம் பிடித்துவிடுவேன். இன்னொரு வழியும் இருக்கிறது, ஆனால் அது ஆபீஸ் ரகசியம். அம்மாவாகவே இருந்தாலும் சொல்லக் கூடாது.

ஏப்ரலுக்குத் தயாராக இரு. பிடிவாதம் வேண்டாம்.

உன் மகன்


மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

தைலத்தின் பெயர் அழிந்துவிட்டது, பச்சை மூடி என்று கேட்கச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் பிள்ளைக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா என்று இருந்தது. எக்ஸ்சேஞ்சில் குரலை வைத்தே ஆளை எடைபோட்டவள் நான், நீ எழுத்தை வைத்து எடைபோடுகிறாய். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் வாசிப்பறைக் கம்ப்யூட்டரே கதி என்று கிடக்கிறார். இரண்டு விரலால் தட்டுகிறார், ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி போய்விடும். எனக்கு முழங்கால் தேவலை. உங்கள் இருவருக்கும் என் ஆசிகள்.

அம்மா


மார்ச் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

பச்சை மூடி கிடைக்கவில்லை. நீலம் வாங்கினோம், கொசுவுக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. மற்றபடி நலம்.

உன் இல்லத்தைப் பற்றி நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேனோ என்று தோன்றுகிறது. இந்த மாதத்தில் ஒவ்வொன்றாகச் சில புதிய ரிவியூ வந்திருக்கின்றன. ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், ஒருவர் பஸ் டிரைவர். யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. சூப்பைத் திட்டுகிறார்கள், வெந்நீரைத் திட்டுகிறார்கள், ஆனாலும் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் அங்கே சந்தோஷமாக இருப்பதாக எழுதுகிறார்கள்.

அந்த பஸ் டிரைவர் எழுதியதை மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒருநாள் இரண்டு காலிலும் இடது ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டாராம். ஒன்று பழையது, ஒன்று புதியது. நாள் முழுக்க அப்படியே நடந்தாராம், யாரிடமும் வாய் திறக்கவில்லையாம். "அப்படி என்னை வளர்த்த அம்மாவை இங்கே தைரியமாக விட்டுவைத்திருக்கிறேன்" என்று முடித்திருக்கிறார். அந்த ஷூவுக்கும் முதியோர் இல்லத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் நம்புகிறேன். இதையெல்லாம் உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது அம்மா.

ஏரிக்கரை அறையை இன்னும் விடவில்லை. ஆனால் வண்டியை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

உன் மகன்


ஏப்ரல் 8

அன்புள்ள வாலுவுக்கு,

நலமாக இருக்கிறாயா? எனக்கு ஒன்றுமில்லை.

பாவம் அந்த ஷூ போட்ட பிள்ளை. கால் எப்படிக் கொப்புளித்திருக்கும்.

ஸ்டேஷன் மாஸ்டரை நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவர் இல்லாத நாட்களில் மேஜையில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் வாயை அசைத்தார்கள், நானும் தலையை அசைத்தேன். நேற்றுத் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, "வண்டி லேட்டு, மன்னிக்கணும்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வண்டியைத் தள்ளி வைத்தது போதாது, அறையையும் விட்டுவிடு.

அம்மா


மே 2

அன்புள்ள வாலுவுக்கு,

உன் பதிலைக் காணோம். உடம்புக்கு ஏதுமில்லையே? மருமகளையாவது இரண்டு வரி எழுதச் சொல். தபால்காரர் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து நிற்கிறேன், முழங்கால் திட்டுகிறது.

அம்மா


மே 19

அம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பயப்படாதே. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

போன மாதம் என் மேஜைக்கு ஒரு கோப்பு வந்தது. உன் இல்லத்தைப் பற்றிப் புதிதாக வந்த ஒன்பது ரிவியூவும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, அதுவும் அந்த இல்லத்துக் கம்ப்யூட்டரிலிருந்தே போடப்பட்டவை. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியும். நான் சொல்லாமல் விட்ட ஆபீஸ் ரகசியம் அதுதான்.

வார்டன் வேலை என்றுதான் நினைத்தேன். ஒன்பதையும் முதலிலிருந்து படித்தேன். கடைசியில் ஒரு பிளம்பர். சின்ன வயதில் ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாராம். அம்மா சமையல் எண்ணெயைத் தடவி வெளியே இழுத்தாளாம். இடது காதுக்குப் பின்னால் இன்னும் தழும்பு இருக்கிறதாம்.

நான் கையை எடுத்து என் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அந்தப் பெட்டியே தெரியாது என்றாய். என் வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்கிறாய் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதினேன். என்னிடமே பாடம் கேட்டு என் காதிலேயே பூ சுற்றியிருக்கிறாய். இவற்றை நீக்குவது என் கடமை, நீக்கத்தான் போகிறேன். உனக்கு அங்கே இருக்க வேண்டும் என்றால் ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை?

அந்த இரண்டு இடது ஷூ, அது யார்?

உன் மகன்


மே 31

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் உயிர் வந்தது. திட்டியது அப்புறம்தான் கண்ணில் பட்டது.

ஒன்பதையும் சொன்னது நான், தட்டியது ஸ்டேஷன் மாஸ்டர். வார்டனை ஒன்றும் செய்துவிடாதே. அந்த மனிதருக்கு ஸ்டார் என்றால் வானத்தில் இருப்பதுதான். முதலில் வேறு ஆட்கள் மாதிரி எழுதத்தான் பார்த்தேன். தேவையில்லாததையும் சொல்ல வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். எனக்கு வேறு யார் வீட்டுக் கதை தெரியும்? உன் கதைதான் வந்தது.

கெட்டதாக எழுதியவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. சூப் உப்புதான், படிக்கட்டு இருட்டுதான். நான் சொன்னதிலும் பெயரும் தொழிலும்தான் பொய்.

நாள் முழுக்கக் கத்துகிறார் என்று ஒரு முதியவரைப் பற்றி எழுதியிருந்தார்களே, அவர்தான் ஸ்டேஷன் மாஸ்டர். பிளாட்பாரத்தில் கத்திக் கத்தியே வளர்ந்த தொண்டை. மற்றவர்களுக்குத் தலைவலி. எனக்கு மெஷின் இல்லாமல் கேட்கும் குரல் இந்த உலகத்திலேயே அது ஒன்றுதான். காலையில் பேப்பரை வாசிப்பார், பக்கத்து மேஜையில் என்ன சண்டை என்று சொல்வார், மழை பிடித்துக்கொண்டது என்பார். நீ பார்த்து வைத்த இடத்தில் தொள்ளாயிரம் பேர் அமைதி அமைதி என்று எழுதியிருக்கிறார்கள். அமைதிக்கு எனக்கு என்னடா பஞ்சம்? அதற்குத்தான் பயந்தேன்.

அந்த ஷூ போட்ட பிள்ளை நீதான். உனக்கு ஏழு வயது. நான் நைட் டியூட்டி முடிந்து வந்து, உன்னைக் கிளப்பிவிட்டு, மறுபடி இன்னொருத்திக்காக டியூட்டிக்கு ஓட வேண்டிய நாள். கட்டிலுக்கு அடியில் கைக்குக் கிடைத்த இரண்டை எடுத்து மாட்டிவிட்டேன். சாயங்காலம் கழற்றும்போது பார்த்தால் வலது கால் முழுக்கக் கொப்புளம். "ஏன்டா, போடும்போதே தெரியலையா?" என்றேன். "தெரிஞ்சுது" என்றாய். "அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு, "நீ அவசரத்துல இருந்தியே" என்றாய்.

ஏன் நேராகச் சொல்லவில்லை என்று கேட்டாயே. எனக்கும் அதே பதில்தான்.

நீக்க வேண்டியதை நீக்கிவிடு, அது உன் வேலை. கோபத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளாதே, உனக்கு ஆகாது.

அம்மா


ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

வயிறு நன்றாக இருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஒன்பதையும் நீக்கிவிட்டேன். இல்லம் மறுபடி இரண்டு ஸ்டாருக்கு வந்துவிட்டது. ஏரிக்கரை அறையை வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

ஜூலையில் வருகிறேன். இந்தத் தடவை ஒரு மாத லீவு. வார்டனிடம் விருந்தினர் அறை கேட்டிருக்கிறேன். சூப்பையும் குடித்துப் பார்க்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல், எனக்காகத் தொண்டையைக் குறைத்துக்கொள்ள வேண்டாம் என்று.

வாலு


ஆகஸ்ட் 20

அன்புள்ள வாலுவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? மருமகள் நலமா? நீ கிளம்பும்போது உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகத்தான் போட்டிருந்தாய்.

நீ மாட்டிவிட்டுப் போன படிக்கட்டு விளக்கு எரிகிறது. நீ சமையற்காரரிடம் என்ன சொன்னாயோ, இப்போது சூப்பில் உப்பே இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தினமும் உன்னைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார். அவரோடு நீ சீட்டு விளையாடித் தோற்றதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்று மத்தியானம் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, சாப்பாட்டு அறைக்கு வந்து எல்லோரையும் உட்காரச் சொன்னார். உன் பெயரில் ஒரு ரிவியூ வந்திருப்பதாகச் சொல்லி, வண்டி வருகிறது என்று அறிவிக்கிற அதே தொண்டையில் வாசித்தார். சைக்கிள் கடைக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு வார்த்தை கூடத் தப்பவில்லை. ஆனாலும் அப்புறம் அவரை நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்லி எழுதி வைத்துக்கொண்டேன்.

"மூன்று ஸ்டார். ஒரு மாதம் தங்கிப் பார்த்து எழுதுகிறேன். வெந்நீர் காலை ஆறு மணி வரைதான். சூப்பை நம்ப முடியாது. சாப்பாட்டு அறையில் ஒரு முதியவர் நாள் முழுக்க உரத்த குரலில் பேசிக்கொண்டே இருக்கிறார். என் அம்மாவுக்குக் கேட்கிறது."

அம்மா